உப்புவெளிக்கு ஓர் ஒத்திகை

மார்ச் 20, வெள்ளி

காலை வெயில். மத்தியானம் மழை. பின்னேரம் காற்று. என்ன உடுப்புப் போடுவதென்று மெல்பேர்னுக்கு இன்னும் தெரியவில்லை. எனக்கும்தான்.

வோக்கிடோக்கி ரேடியோ வந்துவிட்டது. மூன்று. மஞ்சள் நிறம், அரைச் செங்கல் கனம். பெட்டியை உடைத்ததும் அம்மாவின் முகம் போன போக்கு!

"எங்கட வீட்டுக்குள்ள வோக்கியா? யன்னலடியில நிண்டு கதைக்காத."

"அம்மா, இது டண்டினோங். ஊரில மாதிரி ஆமி வராது."

"உனக்கென்ன தெரியும். குரலைத் தாழ்த்து."

இதைத் தமிழில் எழுதக் காரணம்: பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். ஆனால் என் கையெழுத்தை வாசிக்க ஒரு மருந்துக்கடைக்காரர் வேண்டும். ஆகவே பாதுகாப்பு.

விஷயம்: அப்பா பயணம் போகப் போகிறார். எங்களையும் கூட்டிக்கொண்டு. ரேடியோ அதற்குத்தான். இதை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு அப்பா வெளிநாடு போனதில்லை. கடற்கரைக்குப் போனதில்லை. என் நீச்சல் வகுப்புக்குக்கூட கார் பார்க்கிங் வரைக்கும்தான். எல்லாரும் பாலி, கோல்ட் கோஸ்ட் என்று போக, நாங்கள் மலை, ஆட்டுப்பண்ணை, சீஸ் செய்யும் இடம்.

போன மாதம் வேலையிடத்துக் கலண்டரில் (அப்பா குளிர்க்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்) ஜூலைப் பக்கத்தைக் கிழித்து வந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். ஆபிரிக்கா. போட்ஸ்வானாவில் ஓர் உப்புவெளி. வெள்ளை. மரம் இல்லை, மிருகம் இல்லை, வானம் எங்கே தொடங்குகிறதென்றே தெரியாது.

"இஞ்ச போவம்" என்றார். அவ்வளவுதான்.

"போட்ஸ்வானாவுக்குப் போட்டு வாறம்!" என்றேன், போய்விட்டு வருகிறோம் என்று. அப்பா சிரித்தார். ஒரு புள்ளி எனக்கு.

அம்மா: "சஃபாரி எண்டா என்ன? சிங்கம் பாக்கிறதோ?"

"சஃபாரி எண்டா சவாரி அம்மா. மாடு இல்லாத மாட்டுச்சவாரி. சிங்கம் வேற இடத்தில. இஞ்ச ஒண்டுமே இல்லை. அதுதான் விசேஷம்."

"ஒண்டுமில்லாததைப் பாக்க அவ்வளவு தூரமோ?"

பால் எடுக்க வந்த அப்பா, பால் எடுக்காமல் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

இன்றைய பகிடி: மூன்றாவது ரேடியோவின் பற்றரிகளைக் கழற்றி என் குசுவிடும் பொம்மைக்குப் போட்டேன். பொம்மை அம்மாவின் கதிரைக்குக் கீழ். பலன்: மிகச் சிறப்பு.


மார்ச் 22, ஞாயிறு

பொயிண்ட் குக். டிக்கெட் போட்டுத்தரும் பிரியா அக்கா வீடு. சென்னைக்காரி. மூச்சுவிடாமல் பேசுகிறா.

"சார், ஃபேமிலியா போறீங்க, மாலத்தீவு போலாமே? தண்ணி மேலயே ரூம்! ராத்திரி முழுக்கக் கீழே அலைச் சத்தம் கேட்டுட்டே இருக்கும்."

அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் நின்றது. "தண்ணி வேண்டாம் தங்கச்சி."

"சரிங்க சார். ஆனா அங்க உப்பைத் தவிர என்ன இருக்கு?"

"உப்பு இருக்கு. சப்புத்தான் இல்லை" என்றேன். பிரியா அக்கா மட்டும் சிரித்தா. பரவாயில்லை, இந்தியாவிலும் என் புகழ்.

மெல்பேர்ன், ஜொகனஸ்பேர்க், மவுன். அங்கிருந்து தும்பி அளவு பிளேன். கொண்டுபோக வேண்டியவை:

– துணிப்பை மட்டும். தும்பிக்குள் சூட்கேஸ் ஏறாது
– மலேரியாக் குளிசை
– ஜம்பர். ஜூலையில் அங்கேயும் குளிராம்
– கறுப்புக் கண்ணாடி. உப்பு கண்ணைக் குத்தும்
– மிளகாய்த்தூள், அச்சாறு, மாசிச் சம்பல் (அம்மா)
– ஒட்டகச்சிவிங்கி முகமூடி (நான்)
– சித்தப்பாவின் படம் (அப்பா எழுதியது. அம்மா வெட்டினா. அப்பா திரும்ப எழுதினார்)

சித்தப்பா: அப்பாவின் தம்பி. தீபன். எனக்கு ஒரு வயதாக இருந்தபோது இருவரும் ஒரே படகில் வெளிக்கிட்டார்கள். அப்பா வந்து சேர்ந்தார். சித்தப்பா வரவில்லை. நானும் அம்மாவும் பிறகு பிளேனில் வந்தோம். சித்தப்பாவின் படம் விறாந்தையில், சாவி மாட்டும் கொழுக்கிக்குப் பக்கத்தில். சாமித்தட்டில் இல்லை. பொட்டில்லை, மாலையில்லை. சின்னதில் ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

"ஆர் கண்டது?" என்றார் அப்பா. செத்ததை ஆர் கண்டது என்று அர்த்தம். அதற்குமேல் எனக்குத் தெரியாது.


மார்ச் 24, செவ்வாய்

பின்னேரம் வீடியோவில் கபோ. போட்ஸ்வானாவில் எங்களுக்கு வழிகாட்டி. அங்கே அப்போதுதான் காலை. பின்னால் ஒரு கோழி அவருடைய கதிரையில் ஏறி இருந்தது. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் மொழிபெயர்ப்பு. (ஓரிடத்தில் மட்டும் "கோழிக்கும் டிக்கெட் போடச் சொல்லுறார்" என்றேன். அம்மா நம்பினா.)

பிறகு பகிடி விட மனம் வரவில்லை. காரணம் கீழே.

பயணத்தின் மூன்றாம் நாள் தனி நடை. ஒவ்வொருவராக, வண்டி கண்ணுக்கு மறையும்வரை உப்பில் நடக்க வேண்டும். பிறகு உப்பிலேயே குந்தி இருந்து கேட்க வேண்டும்.

"எதை?" என்றேன்.

"ஒன்றையும் அல்ல. உன் இரத்தம் ஓடுவது உனக்குக் கேட்கும்."

அங்கே அடையாளம் வைக்க ஒன்றும் கிடையாது. நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு மனிதர்கள் விலகிப் போய்க்கொண்டே இருப்பார்கள். கானல் தண்ணீர் காட்டும். கானல் ஆளையும் இரண்டாக்கும். ஒருவருடைய தலைக்கு மேல் அவரே தலைகீழாக நிற்பார், பயப்பட வேண்டாம் என்றார் கபோ.

ஆகவே ஒரு சட்டம். அவர் ரேடியோவில் பெயரைக் கூப்பிடுவார். ஒரே ஒரு தரம். உடனே பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாவிட்டால் வண்டியோடு தேடி வருவார். அதோடு அந்த ஆளுக்குத் தனி நடை முடிந்தது. "வீட்டில் பழகிக்கொண்டு வாருங்கள்."

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வேற சத்தம் ஏதும் கேக்குமோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். கபோ கோழியை இறக்கிவிட்டார்.

"சிலருக்கு" என்றார்.


மார்ச் 26, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பயிற்சி. அப்பா அந்தக் கடைசித் தொங்கலில், எனக்கு முதுகு காட்டிக்கொண்டு. நான் இந்தத் தொங்கலில். ரேடியோவில், கபோவின் குரலில்: "மிஸ்டர் யோகன்."

பதில் இல்லை.

"மிஸ்டர் யோகன்."

இல்லை.

"மிஸ்டர் யோகன்!"

"ஓம்."

திரும்பச் செய்தோம். அதே. பொலிஸ் குரல், பிட்சாக் குரல், "உங்கட காரை ஒட்டகச்சிவிங்கி நக்குது" குரல் எல்லாம் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதுக்குத்தான் ஓம். அதற்கு முன் கல்.

"பற்றரி பிழையோ அப்பா?"

"இல்லை."

"காது?"

"கேக்குது."

"அப்ப?"

"பழக்கம், பிள்ளை."

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே அம்மா விளங்கப்படுத்தினா. முகம் தெரியாத இடத்திலிருந்து ஆராவது கூப்பிட்டால் முதல் தரம் பதில் சொல்லக் கூடாதாம். இரண்டாம் தரமும் கூடாது. மூன்றாம் தரம் கூப்பிட்டால் அது மனிசர். மற்றதுகளுக்கு மூன்று தரம் கூப்பிடச் சக்தி இல்லை.

"அப்ப போனில வித்துத்தள்ளுற ஆக்கள் பேய் இல்லை. அவங்கள் முந்நூறு தரம் கூப்பிடுறாங்கள்."

அம்மா சிரிக்கவில்லை. "நீயும் பழகு."

இப்போதுதான் யோசிக்கிறேன். அப்பா போனைக்கூட மூன்றாவது மணிக்குப் பிறகுதான் எடுப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவதுக்குத்தான் வருவார். மெதுவான ஆள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

ஒருவரிடமும் ஒன்றும் கேட்காத அப்பா முதல்முறை கேட்டது இந்த நடை. முதல் கூப்பிடலுக்கு ஓம் சொல்லப் பழகாவிட்டால் அது அவருக்கு இல்லை. பழக்குவது என் வேலை.


மார்ச் 28, சனி

எழுத விருப்பமில்லை. எழுதுகிறேன்.

அப்பா இப்போது ரேடியோவை எந்நேரமும் இடுப்பில் கொழுவிக்கொண்டு திரிகிறார். பகல் பதினொரு மணி, நல்ல வெயில். பின்வளவில் கறிவேப்பிலைக்குக் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். நான் உடுப்புத் தோய்க்கும் அறையில். திட்டம்: தமிழ்க்கடைக்கு வந்த ஆள்போல, தடித்த குரலில், "அண்ணை, வெண்டிக்காய் இருக்கோ?" ஆளுக்குச் சிரிப்பு வந்து உடனே பதில் சொல்லிவிடுவார் என்ற கணக்கு.

"அண்ணை" வரைக்கும்தான் போனது. எனக்குச் சிரிப்பு வந்து விரலை எடுத்துவிட்டேன்.

யன்னலால் பார்த்தேன். கத்திரிக்கோல் புல்லில் கிடந்தது. அப்பா திரும்பவில்லை. ரேடியோவைத் தொடவும் இல்லை. அப்படியே நின்றார். பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இல்லை. ஒருவர் கதவைத் தட்டப் போகிறார் என்று தெரிந்து கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற மாதிரி.

இரண்டாம் தரம் நான் கூப்பிடவில்லை.

மெல்ல ஈரப் புல்லில் இருந்தார். வேலியைப் பார்த்தபடி. கன நேரம். அம்மா கண்டு ஓடிப்போய்த் தோளில் கை வைத்தா.

"ரெண்டாந்தரம் கேட்டதோ?" என்றார் அம்மாவிடம். "உமக்குக் கேட்டதோ?"


மார்ச் 29, ஞாயிறு

தூறல். சிவா அங்கிள் வந்தார். அப்பாவோடு அதே படகில் வந்தவர். அம்மாதான் கூப்பிட்டிருக்கிறா. உள்ளே போய் அப்பாவோடு கொஞ்சம் இருந்துவிட்டு, என்னைத் தன் காருக்குள் வரச் சொன்னார். கண்ணாடிகளை ஏற்றினார்.

"நீயோ அண்ணை எண்டு கூப்பிட்டனி?"

"பகிடிக்கு அங்கிள்."

"தெரியும். உன்ர கொப்பர் சொல்லமாட்டார். நான் சொல்லுறன். நடுக்கடலில என்ஜின் நிண்டு போச்சு. வெயில். தாகம். ஆக்களுக்குக் குரல் கேக்கத் தொடங்கிட்டுது. ஒராளைத் தாய் கூப்பிடும். ஒராளைப் பிள்ளை கூப்பிடும். எழும்பித் தண்ணிக்குள்ள இறங்கப் பாத்தவையைப் பிடிச்சு இருத்தினனாங்கள். பிறகு எல்லாருமாச் சேர்ந்து சொல்லி வைச்சது, மூண்டு தரம் கேட்டாத்தான் திரும்பிறது எண்டு."

வைப்பரைப் போட்டார். நிறுத்தினார்.

"ஒரு காலமை. காத்தில்லை. கடலும் வெள்ளை, வானமும் வெள்ளை. கொப்பர் முன்னுக்கு. தீபன் பின் தொங்கலில. பின்னுக்கிருந்து 'அண்ணை' எண்டு ஒரு குரல். ஒருக்கா. கொப்பர் திரும்பேல்லை. நானும் திரும்பேல்லை. படகு முழுக்க ரெண்டாந்தரத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது."

"பிறகு?"

"பிறகு திரும்பினம்." கண்ணாடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார். "விழுந்த சத்தம்கூட இல்லை பிள்ளை."

உள்ளே வந்து ஃப்ரிட்ஜின் முன் நின்றேன். தண்ணீர் இல்லாத ஓர் இடம் என்பதற்காக அப்பா இதைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வெள்ளை நிலம், வெள்ளை வானம், நடுவில் கோடில்லை. அந்தக் காலைதான் இது. கலண்டரில் கண்டிருக்கிறார். அதற்குள் போகப் பார்க்கிறார்.

டிக்கெட் போகவும் வரவும் போட்டிருக்கிறது. அப்பாவுக்குப் போக மட்டும் போதுமோ என்று பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழவில்லை, கத்தவில்லை. "முதல்ல எங்கட கண்ணுக்கு முன்னால நடந்து காட்டட்டும்" என்றா.

எங்கள் விக்டோரியா மாநிலத்தின் வடக்கே ஓர் உப்பேரி இருக்கிறது. பக்கத்து ஊருக்கு 'கடல் ஏரி' என்று பெயர். கடலும் இல்லை, ஏரியும் வற்றித்தான் கிடக்குமாம். பெயர் வைத்தவர் பகிடிக்காரர், என் இனம். சனிக்கிழமை போகிறோம். சிவா அங்கிளும்.


ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும் நாள். கிடைத்த அந்த மணித்தியாலத்தில் இதை எழுதுகிறேன். முழுக்கத் திருப்ப முடியுமென்றால் வெள்ளிக்கிழமைக்குப் போயிருப்பேன்.

நேற்று விடிய வெளிக்கிட்டோம். அப்பா நல்ல சந்தோஷம். வழியெல்லாம் கதை. கோதுமை வயல், கோதுமை வயல், சைலோ. சிவா அங்கிள் ரோல்ஸ் சாப்பிட்டு முடிக்கும் ஒவ்வொரு முறையும் அம்மா இன்னொன்று நீட்டினா.

ஏரி. உண்மையாகவே வற்றிக் கிடந்தது. காலை வைத்தால் உப்பு அப்பளம்போல் நொறுங்கும். அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. முகத்தில் மொய்த்த இலையான்கூடக் கரையோடு நின்றுவிட்டது. நடுப்பகல். நிழல் எல்லாம் காலுக்குக் கீழே ஒளிந்துகொண்டது.

அப்பா சப்பாத்தைக் கழற்றினார்.

"கால் வெட்டும்" என்றா அம்மா.

"காணும் தூரம்தானே. போட்டு வாறன்."

போட்டு வாறன் என்று சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

ரேடியோ ஒன்று அவரிடம். ஒன்று என்னிடம். மூன்றாவது காரின் பின்பெட்டிக்குள், பற்றரி இல்லாமல். பற்றரி இன்னும் பொம்மைக்குள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிறகு எனக்கே சந்தேகம் வரக் கூடாது.

அப்பா சின்னதாகிக்கொண்டு போனார். முதலில் கால் போனது. கானல். இடுப்பளவு தண்ணீரில் நடக்கிற மாதிரி. பிறகு தலைக்கு மேல் ஒரு தலைகீழ் அப்பா. கபோ சொன்னதுதான் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். பிறகு அதுவும் கரைந்தது. ஓர் அப்பா மட்டும், நின்றார். உப்பில் குந்தி இருந்தார்.

கொஞ்சம் விட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். விரலைப் பொத்தானில் வைக்கக்கூட இல்லை.

என் ரேடியோ சொன்னது: "அண்ணை."

ஒரு தரம். ஆண் குரல். இளம் குரல். கத்தவில்லை, பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற அளவில்.

சிவா அங்கிளின் வாயருகே ரோல்ஸ் நின்றது. அவருக்கும் கேட்டிருக்கிறது. அம்மா என் கையைப் பார்த்தா. என் கையில் ரேடியோ, விரல் வெளியே.

உடனே, முதல் கூப்பிடலுக்கே, அப்பா:

"ஓம். ஓம் தம்பி, வாறன்."

எத்தனை நாள் பழக்கினேன். இவ்வளவு இலேசாக வந்தது.

எழும்பினார். நடக்கத் தொடங்கினார். எங்களுக்கு எதிர்ப்பக்கம். பொத்தானை அமத்தினேன், என் குரல் போகவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஆரோ மறுபக்கத்தில் அமத்திப் பிடித்தபடி ஒன்றும் பேசாமல் இருக்கும்போதுதான் அப்படி எரியும். சர்ர்ர் என்று ஒரு சத்தம். காற்றா, தண்ணீரா என்று சொல்ல மாட்டேன்.

ரேடியோவை எறிந்துவிட்டு ஓடினேன்.

"அப்பா!"

நடந்தார்.

"அப்பா!"

நடந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல். கானல் ஆளை இரண்டாக்கும் என்று கபோ சொன்னவர்தான். ஆனால் அவர் சொன்னது மேலும் கீழும். இது பக்கத்தில். அப்பாவைவிடக் கொஞ்சம் மெலிவு.

பின்னால் அம்மாவின் குரல், வாழ்க்கையில் கேட்காத குரல்: "மூண்டாந்தரம் கூப்பிடு! விடாத! கூப்பிடு!"

"அப்ப்ப்பா!"

நின்றார்.

திரும்பினார். தனியாகத்தான் நின்றார். நான் போய்ச் சேரும்வரை அசையவில்லை. உள்ளங்கால் முழுக்க வெட்டு, உப்பில் சிவப்பு. கையைப் பிடித்தேன். வெயிலில் இவ்வளவு நேரம் நின்ற கை, குளிர்க்கிடங்கிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும் வழியில் மிச்ச ரோல்ஸை ஒருவரும் தொடவில்லை.


ஏப்ரல் 6, திங்கள்

குளிர். அப்பா வேலைக்குப் போகவில்லை. வாசற்படியில் இருந்து காலுக்குக் கிறீம் பூசிக்கொண்டிருந்தார்.

பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். "நான்தான் கூப்பிட்டனான் அப்பா. பகிடி." செய்த பகிடி எல்லாவற்றையும் இல்லை என்று சத்தியம் பண்ணியவள், செய்யாத ஒன்றை ஒத்துக்கொள்ளப் போகிறேன். சொன்னால் அப்பா அந்த வெள்ளைக்குள் இனிப் போகமாட்டார். ஆனால் இத்தனை வருடம் கழித்துத் தம்பிக்கு ஓம் என்று சொன்னாரே, அது வெறும் காற்றுக்குச் சொன்னதாகிவிடும்.

அவரே தொடங்கினார்.

"முந்தநாள்... நீயோ?"

வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை.

"இல்லை அப்பா."

"தெரியும்."

"அப்ப ஏன் கேட்டனீங்கள்?"

அடுத்த காலை எடுத்து மடியில் வைத்தார். "பிறகு கூப்பிட்டது?"

"அது நான்."

"எத்தினை தரம்?"

"மூண்டு."

"அதுதான் வந்தனான்."

கிறீமின் மூடியைத் தேடினார். நான் அதன்மேல் குந்தி இருந்தேன். வேண்டுமென்று இல்லை.

பின்னேரம் அம்மா ஒரு பிளாஸ்டிக் மாலையோடு விறாந்தையில். "இண்டைக்கே போடுவம். கூப்பிடுறதை நிப்பாட்டட்டும்."

அப்பா சத்தம் போடவில்லை. "கூப்பிடுற ஆளுக்கு மாலை போடச் சொல்லுறீரோ?"

மாலை இப்போது சாவிக் கொழுக்கியில் தொங்குகிறது. படத்துக்குப் பக்கத்தில். படத்தில் இல்லை.


ஏப்ரல் 9, வியாழன்

பள்ளி விடுமுறை. மழை.

அம்மா: போக வேண்டாம். அப்பா: போவம். அம்மா: தனி நடை வேண்டாம். அப்பா: அதுக்குத்தானே போறது. குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் நான் ஐக்கிய நாடுகள் சபை. அதேபோல ஒரு பிரயோசனமும் இல்லை.

கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார். "கபோவை மூண்டு தரம் கூப்பிடச் சொல்லு. மூண்டுக்கு முதல் நான் வாய் திறக்கேல்லை எண்டா, ஆர் கூப்பிட்டாலும் எழும்பமாட்டன் எண்டுதானே அர்த்தம்? ஒருக்காக் கூப்பிட்டவனுக்கு நான் ஓம் சொல்லிட்டன். அது முடிஞ்சுது."

முடிஞ்சுது என்று சொல்லும்போது படத்தைப் பார்க்கவில்லை. அம்மா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு சரி என்று தலையாட்டினா.

கபோவுக்கு எழுதினேன். முழுக்க எழுதவில்லை. எங்கள் ஆட்கள் மூன்றாம் தரத்துக்குத்தான் பதில் சொல்வார்கள் என்று மட்டும். உடனே பதில்: "மூன்று தரம், சரி. ஆனால் உன் அப்பா மூன்றுவரைக்கும் காத்திருப்பார் என்று எனக்குத் தெரிய வேண்டும். பயிற்சியைப் பதிவு செய்து அனுப்பு. கேட்டபிறகு முடிவு சொல்கிறேன்."

கோழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.


ஏப்ரல் 11, சனி

மழை இல்லை. காற்றும் இல்லை. வானம் வெள்ளை.

மைதானம். அப்பா அந்தத் தொங்கலில், கோல் கம்பங்களுக்குக் கீழ், முதுகு காட்டிக்கொண்டு. காலில் கட்டு. மூன்றாவது ரேடியோ வீட்டில். வெளிக்கிட முதல் திறந்து பார்த்தேன், பற்றரி இல்லை. அம்மா எனக்குப் பக்கத்தில், என் ஜம்பர் கையைப் பிடித்துக்கொண்டு. போனில் பதிவைத் தொடக்கினேன்.

பொத்தானை அமத்தினேன். "அப்பா."

பதில் இல்லை. நல்லது.

அமத்தினேன். "அப்பா."

விரலை எடுத்தேன். அடுத்ததுக்கு மூச்செடுத்தேன்.

"ஓம் பிள்ளை. வாறன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. என் கையை இவ்வளவு நேரமும் பார்க்கவில்லை, எண்ணவும் இல்லை, அப்பாவையே பார்த்திருக்கிறா. "பாத்தியே, பொறுமையா நிண்டிட்டார்."

அப்பா நொண்டி நொண்டி வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் தலையில் கை வைத்தார். "சரிதானே? மூண்டும் கேக்கும்வரைக்கும் வாய் திறக்கேல்லை."

நான் கூப்பிட்டது இரண்டு தரம்.

பதிவு போனில் இருக்கிறது. கபோ காத்திருக்கிறார். நான் இன்னும் போட்டுக் கேட்கவில்லை.